கல்லா, பஞ்சா: என் பிரேக் பெடல் கற்றுத்தந்தவை

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் ஏற்றம் என்று சொல்ல இருப்பது கல்லடிப் பாலம் மட்டும்தான். வடக்கே ஏறாவூர் வரை போனாலும் சரி, தெற்கே களுவாஞ்சிக்குடி, கல்முனை தாண்டி அக்கரைப்பற்று வரை போனாலும் சரி, ரோடு பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். இப்படியான தரையில் கார் ஓடிப் பழகியவனுக்கு பிரேக் பற்றி யோசிக்கவே தேவை வராது. மாடு குறுக்கே வந்தால் அமத்துவோம், நிற்கும். பதினொரு வருடம் நான் அப்படித்தான் ஓடினேன்.

கட்டுக்குருந்தவில் நாலாவது சுற்றோடு அந்த நிம்மதி போய்விட்டது.

களுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற கட்டுக்குருந்த, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை. பிறகு கார், மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிகள் நடக்கிற இடமாகிவிட்டது. நண்பர்கள் சிலர் சொந்தக் கார்களைக் கொண்டுபோய் ஓடிப் பழகுகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் போனேன். என்னுடையது 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் ட்ரம் பிரேக். புது டயர் போட்டேன், எஞ்சின் ஒயில் மாற்றினேன். பிரேக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஊரில் நன்றாகப் பிடித்த பிரேக்தானே.

முதல் இரண்டு சுற்றும் நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் பெடல் வழமையை விட ஒரு விரலளவு கூடக் கீழே போவது காலுக்குத் தெரிந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. நாலாவது சுற்றில் நேர்ப்பகுதி முடிகிற இடத்தில், மணிக்கு 120 கிலோமீற்றரில் வந்து அமத்தினேன். பெடல் ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி அப்படியே தரைக்குப் போய்விட்டது. இரண்டு தரம், மூன்று தரம் அடித்து மிதித்தபோது கொஞ்சம் பிடித்தது. கியரை இரண்டாவதுக்கு இறக்கிக் காரைப் புல்லுக்குள் விட்டேன். எதிலும் மோதவில்லை. இறங்கி நின்றபோது முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அரை மணித்தியாலம் கழித்து ஏறி மிதித்துப் பார்த்தால், பெடல் ஒன்றும் நடக்காதது போல மேலேயே நின்றது. எனக்கு இன்றைக்கும் பயம் தருவது இந்த இடம்தான். புல்லுக்குள் போன பயமெல்லாம் அதற்கு அடுத்ததுதான். பழுது தன்னைத்தானே மறைத்துக்கொண்டுவிட்டது. அதே பிரேக்கோடு குருநாகல், ஹபரணை, பொலன்னறுவை வழியாக முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் வீட்டுக்கு ஓடிவந்தேன். யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

வருகிற வழியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இறங்கி, சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட், இருந்ததில் விலை கூடின செரமிக் வகையில் ஒரு செட் வாங்கினேன். பிடிக்கவில்லை என்றால் பேட்தானே பிழை? எனக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் பெட்டியோடு போய் நின்றது, கல்லடியில் நான் வழக்கமாகப் போகிற கராஜ் அண்ணனிடம். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

“மனே, பெடல் எப்பிடி இருந்திச்சு? கல்லு மாதிரியா, பஞ்சு மாதிரியா?”

“பஞ்சு மாதிரி உள்ளுக்குப் போயிட்டுது அண்ணன்.”

“அப்ப பேட்டுல பிழை இல்ல. ஒயில் கொதிச்சிருக்கு. அத அங்கால வச்சிட்டு வா.”

இந்தக் கேள்வியை இதை வாசிக்கிற ஒவ்வொருவரும் மனதில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். சூட்டில் பிரேக் விடுவது இரண்டு விதம். பெடல் பஞ்சாகி உள்ளே போனால் பிரேக் ஒயில் கொதித்து, பைப்புக்குள் ஆவி சேர்ந்திருக்கிறது. திரவம் நசுங்காது, அதனால்தான் காலின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவி நசுங்கும். நாங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்த ஆவியை நசுக்கவே செலவாகிவிடும். ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகும், பெடலும் திரும்பி வரும். என்னை ஏமாற்றியது அதுதான். மற்ற விதத்தில் பெடல் கல்லு மாதிரி உறுதியாக நிற்கும், ஆனால் கார் நிற்காது. அது பேட் தன் அளவுக்கு மிஞ்சிச் சூடாகி டிஸ்க்கைப் பிடிக்க முடியாமல் வழுக்குவது. மருந்தும் வேறு வேறு. முதலாவதுக்கு ஒயில், இரண்டாவதுக்குப் பேட். நான் முதலாவது நோய்க்கு இரண்டாவதின் மருந்தை வாங்கிவந்திருந்தேன்.

அண்ணன் பிரேக் ஒயில் நிற்கிற மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து, ஊசி போடுகிற சிரிஞ்சால் கொஞ்சம் ஒயிலை இழுத்து ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டார். வெயிலுக்குப் பிடித்துக் காட்டினார். கடும் பிளேன் டீயின் நிறம். அடியில் கறுப்பாக மண்டி. பக்கத்தில் புதுப் போத்தலில் இருந்து விட்டது, தேங்காய் எண்ணெயை விடத் தெளிவான இளமஞ்சள். “எப்ப மாத்தின?” என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். மாற்றியதே இல்லை. குறைந்தபோது ஊற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஏன் கொதிக்கிறது என்பதை நான் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,100 கிலோ எடையுள்ள கார் 120இல் இருந்து 60க்கு இறங்கும்போது ஏறக்குறைய 450 கிலோஜூல் சக்தி சூடாக மாறுகிறது. ஒன்றரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. அடுப்பில் வைத்தால் பல நிமிடம் எடுக்கிற வேலை, நாலைந்து வினாடிக்குள் நடந்து முடிகிறது. சூட்டில் பெரும் பங்கு முன்னால் இருக்கிற இரண்டு டிஸ்க்குக்குத்தான். அது ஆற முதலே அடுத்த வளைவு வந்துவிடும். சுற்றுக்குச் சுற்று சூடு ஏறி, பேட் வழியாக அதைத் தள்ளுகிற பிஸ்டனுக்கும் பிஸ்டனில் இருந்து ஒயிலுக்கும் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஊரில் 50இல் ஓடுகிறவனின் பிரேக்குக்கும் ட்ராக்கில் ஓடுகிறவனின் பிரேக்குக்கும் சம்பந்தமே இல்லை.

இனி ஒயில். நாங்கள் பிரேக் ஒயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. டொட் (DOT) 3, டொட் 4, டொட் 5.1 என்று தரம் பிரித்து விற்பதெல்லாம் கிளைக்கோல் வகைத் திரவம். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் சுபாவம். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாக மெல்ல மெல்ல ஈரம் உள்ளே போகும். அதனால்தான் ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கொதிநிலை சொல்வார்கள். புதிதாக இருக்கும்போது ஒன்று, 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு ஒன்று. டொட் 3க்குக் குறைந்தபட்சம் 205 பாகை செல்சியஸ், ஈரமானால் 140. டொட் 4க்கு 230, ஈரமானால் 155. டொட் 5.1க்கு 260, ஈரமானால் 180. என் டீ நிற ஒயிலில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக, வருடம் முழுக்க ஈரக் காற்றை மூச்செடுக்கிற ஊர் எங்களுடையது. மாரி காலத்தில் உப்புப் போத்தலுக்குள் உப்பே கசிந்து தண்ணியாகிவிடும். அதே காற்றுத்தான் பிரேக் ஒயிலையும் தேடி வருகிறது. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் என்ற பொதுவான கணக்கை நான் எங்கள் ஊருக்கு ஏற்பதில்லை. சாதாரணமாக ஓடுகிற காருக்கே வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள் என்பேன். ட்ராக்குக்குக் கொண்டுபோவதென்றால் போவதற்கு முன் கிழமை புது ஒயில், வந்த பிறகு முன் சக்கரங்களில் கொஞ்சம் ஒயிலை வெளியே விட்டு எயார் எடுத்தல், அதாவது பைப்புக்குள் சேர்ந்த காற்றை வெளியேற்றுதல். மூடி உடைத்த போத்தலை அலுமாரியில் வைத்து ஆறு மாதம் கழித்து ஊற்றுவதும் வேண்டாம். ஈரம் அதற்குள்ளும் போயிருக்கும். பெரிய போத்தல் லாபம் என்று வாங்காமல், அரை லீற்றர்ப் போத்தலாக வாங்குங்கள்.

போட்டிக்கென்று வருகிற ஒயில்களும் உண்டு. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக இருக்கையில் 312 பாகை வரை கொதிக்காது. நான் இப்போது பாவிப்பது அதுதான். கஸ்ட்ரோல் எஸ்ஆர்எஃப் ஈரமான பிறகும் 270 பாகை தாங்கும். விலை கூட. அடிக்கடி மாற்ற முடியாதவர்கள் முதல் எண்ணைப் பார்த்து மயங்காமல் அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று. டொட் 5 வேறு, டொட் 5.1 வேறு. டொட் 5 சிலிக்கோன் வகை, மற்றவையோடு கலக்கவே கூடாது. சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கிற ஏபிஎஸ் உள்ள காருக்கும் சரிவராது. எண் பெரிதாக இருக்கிறது என்று எடுத்து ஊற்றிவிடாதீர்கள்.

ஒயிலைப் பார்த்த கையோடு அண்ணன் முன் சக்கரம் இரண்டையும் கழற்றினார். இடப் பக்கத்தில் உள் பேட் 3 மில்லிமீற்றர், வெளிப் பேட் 7. பேட்களை டிஸ்க்கோடு அமத்துகிற கலிப்பர் உள்ளும் வெளியும் நகர்வதற்கென்று இருக்கிற இரண்டு பின்னில் (pin) கீழே உள்ளது துருவில் இறுகியிருந்தது. கலிப்பர் நகராததால் பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் எல்லா வேலையையும் செய்து தேய்ந்திருக்கிறது. தேய்ந்து மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காது, நேரே பிஸ்டனுக்கு அனுப்பும். அதாவது ஒயில் கொதித்ததில் அந்தப் பின்னுக்கும் பங்கு இருந்தது. அதைத் துரு போகத் தேய்த்து, ரப்பர் மூடி மாற்றி, சிலிக்கோன் கிறீஸ் பூசினார். கராஜில் டப்பாவில் இருக்கிற சாதாரண கிறீஸ் இதற்கு ஆகாது. அது ரப்பரை ஊதச்செய்து பின்னைத் திரும்பவும் இறுக்கிவிடும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் இந்தப் பின்களைக் கையால் இழுத்துப் பாருங்கள். செலவே இல்லாத வேலை. ட்ராக்குக்குப் போகிறவன் பேட் பாதிக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும், முழுக்கத் தேயும் வரை வைத்திருக்கக் கூடாது என்பதையும் அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

எயார் எடுக்கிற வேலையை இப்போது நானே வீட்டில் செய்கிறேன், தம்பி பெடலில். “அமத்து” என்றால் மெதுவாக மிதிப்பான், “புடி” என்றால் பிடித்திருப்பான், நான் சக்கரத்தில் எயார் வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூடிய பிறகுதான் “விடு”. மூடுமுன் விட்டால் எயார் திரும்ப உள்ளே போகும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், அந்தக் காரின் சேர்விஸ் புத்தகத்தைப் பாருங்கள். பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் வழமையாகப் போகாத இடத்தில் துரு இருக்கும், சீல் அதில் உரசிக் கிழியும். நாங்கள் பெடலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைக்கிறோம். ஒயில் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.

ஒரு தடவை கலிப்பர் இரண்டையும் கழற்றி சீல் மாற்றிப் பூட்டினேன். பிறகு ஒன்றரைப் போத்தல் ஒயில் முடிந்தும் பெடல் பஞ்சாகவே இருந்தது. இருட்டிவிட்டது. தம்பிதான் டோர்ச் அடித்துப் பார்த்து, “அண்ணன், நிப்பிள் ஏன் கீழ இருக்கு?” என்று கேட்டான். இடது கலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் பூட்டியிருந்தேன். எயார் மேலேதான் நிற்கும், நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை போத்தல் ஊற்றினாலும் வெளியே வராது. மாற்றிப் பூட்டியதும் பத்து மிதியில் பெடல் கல்லாகிவிட்டது. பூட்டி முடித்ததும் நிப்பிள் மேலே பார்க்கிறதா என்று ஒரு முறை பார்ப்பது இப்போது என் பழக்கம்.

சரி, பேட். அந்த செரமிக் செட்டைப் பிறகு போட்டு ஓடிப் பார்த்தேன். ஊருக்கு அருமையான பேட். சத்தமில்லை, றிம்மில் கறுப்புத் தூள் இல்லை. ட்ராக்கில் ஆறாவது சுற்றில் பெடல் கல்லாக நின்றது, கார் நிற்கவில்லை. புது ஒயிலில் பிழை இல்லை. இரண்டாவது விதத்தையும் அப்படித்தான் என் காலால் தெரிந்துகொண்டேன். ஊருக்கென்று செய்த பேட்டை ட்ராக்கில் கேட்டது என் பிழை.

பேட்டின் ஓரத்தில் எஃப்எஃப் (FF), ஜீஜீ (GG) என்று இரண்டு எழுத்து அச்சடித்திருப்பார்கள். முதல் எழுத்து சாதாரண சூட்டிலும் இரண்டாவது கூடின சூட்டிலும் எவ்வளவு பிடிக்கிறது என்பதைச் சொல்வது. ஈ என்றால் உராய்வு 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜீ என்றால் 0.45 முதல் 0.55. எஃப்ஈ என்று இருந்தால் சூடேற ஏறப் பிடி குறைகிறது என்று விளங்கிக்கொள்ளலாம். ஆனால் ட்ராக்கில் வருகிற கடும் சூட்டை எத்தனை சுற்றுத் தாங்கும் என்பதை அந்த எழுத்துச் சொல்லாது. அதற்குப் பேட் செய்த கம்பனி கொடுக்கிற வெப்ப எல்லையைத்தான் பார்க்க வேண்டும். அதைப் போடாத பெட்டியை நான் வாங்குவதில்லை.

இப்போது என்னிடம் இரண்டு செட் இருக்கிறது. ஊருக்குச் சாதாரணப் பேட். ட்ராக்குக்கு உலோகம் கூடக் கலந்த, சூட்டுக்கென்று செய்த பேட். அதை ஊரில் போட்டு ஓடக் கூடாது என்று அனுபவத்தில் சொல்கிறேன். காத்தான்குடிக் கடைத்தெருச் சனத்துக்குள் சிக்னலுக்குச் சிக்னல் கீச்சிட்டது மட்டுமில்லை, காலையில் குளிர்ந்திருக்கும்போது முதல் இரண்டு மிதிக்குச் சரியாகப் பிடிக்கவும் இல்லை. முழுக்கப் போட்டிக்கென்றே செய்த பேட் இன்னும் மோசம். சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள் போகிற ரோட்டில் அந்த இரண்டு மிதி பெரிய விஷயம்.

புதுப் பேட்டைப் போட்டவுடனே வேகமாக ஓடவும் கூடாது. முதல் சூட்டில் அதற்குள் இருக்கிற பிசின் ஆவியாகி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நின்று வழுக்கும். நான் விடியற்காலையில், மாடு எழும்பி ரோட்டுக்கு வர முன்பு, வாகரைப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத நீளமான இடத்துக்குப் போவேன். 70இல் இருந்து 10 வரை நல்ல அமத்தாக எட்டுப் பத்துத் தரம், முழுக்க நிறுத்தாமல். பிறகு பிரேக்கைத் தொடாமல் ஆற ஆற ஓடி வீட்டுக்கு வருவது. மிச்சச் சூட்டை ட்ராக்கில் முதல் சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் ஒட்டிவிடும், பிறகு அமத்தும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி மாற்றச் சொல்வார்கள். பல நேரம் வளைந்திருக்காது, ஒட்டியதுதான் காரணம். நான் அந்தப் பேச்சை நம்பி ஒரு சோடி டிஸ்க் வாங்கியிருக்கிறேன்.

ட்ராக்கில் இப்போது என் கணக்கு இதுதான். நாலு சுற்று வேகம், ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் ஆறவிடுவது. நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கீழே கட்டை வைப்பேன். பெடல் ஒரு விரலளவு கீழே போனால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தம். அந்த ஒரு விரலை மூன்றாவது சுற்றில் மதித்திருந்தால் நாலாவது சுற்றில் புல்லுக்குள் போயிருக்க மாட்டேன்.

ட்ராக் என்ற பேச்சே எடுக்காதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. எங்கள் ஊரில் இருந்து பதுளைக்குப் போகிற வான் வண்டிகள் எத்தனை! செங்கலடியில் திரும்பி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை. போகும்போது ஏற்றம், எஞ்சினுக்கு வேலை. வரும்போது இறக்கம், பிரேக்குக்கு வேலை. மட்டமான தரையில் ஓடிப் பழகிய கால் அங்கே பெடலிலேயே கிடக்கும்.

போன வருடம் மாமா குடும்பத்தோடு பதுளையில் இருந்து வந்துகொண்டிருந்தார். லுணுகலை தாண்டி இறக்கத்தில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் எடுத்தார். குரலில் பதற்றம்.

“மருமகன், பிரேக் பிடிக்குதில்ல. கருகின மணம் வேற.”

“பெடல் உள்ளுக்குப் போகுதா மாமா?”

“இல்ல, கல்லு மாதிரி நிக்கிது.”

“அமத்தேக்க எஞ்சின் ஓடிச்சா, நிப்பாட்டி வச்சிருந்தீங்களா?”

“ஓடினதான்.”

எஞ்சினை நிறுத்தி இறக்கத்தில் விட்டாலும் காலின் அழுத்தத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டர் வேலை செய்யாமல் பெடல் கல்லாகும். அதனால்தான் அதைக் கேட்டேன். எஞ்சின் ஓடியிருக்கிறது, பெடல் உறுதியாக நிற்கிறது, மணம் வருகிறது. ஒயில் இல்லை, பேட்தான். சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னேன். ஹேண்ட் பிரேக் வேண்டாம், சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான டிஸ்க் வெடிக்கும், எல்லாரும் இறங்கி நிழலில் இருங்கள் என்றேன். முக்கால் மணித்தியாலம் கழித்து, எடுக்க முன் நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பார்த்து, கொஞ்சம் நகர்த்தி அமத்திப் பிடிக்கிறதா என்று பார்த்து, பிறகு இரண்டாவது கியரிலேயே இறங்கி வாருங்கள், பிரேக்கை விட்டு விட்டு அமத்துங்கள், தொடர்ந்து அழுத்திப் பிடிக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பின்னேரம் பிபிலையில் தேத்தண்ணிக் கடையில் இருந்து போன் வந்தது. அடுத்த நாள் காலையில் வான் எங்கள் வளவுக்குள் நின்றது. பேட்டின் ஓரம் சாம்பல் நிறமாகிக் கையோடு உதிர்ந்தது. நான் ஒயில் மூடியையும் திறந்து சிரிஞ்சை விட்டேன். கடும் பிளேன் டீயின் நிறம்.

“மாமா, இது எப்ப மாத்தின?” என்றேன். அவரும் யோசித்தார்.